ஜோ டோரி விஷயத்தில் மாறியது எது: மனிதரா, அணியா?

கேள்வி

அமெரிக்க பேஸ்பாலில் ஆட்டக்காரர்களாக இருந்து பின்னர் மேனேஜர்களானவர்களைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். அவர்களுள் ஜோ டோரியின் கணக்கு மட்டும் எனக்கு நேராக வரவில்லை. 1960 முதல் 1977 வரை மில்வாக்கி, அட்லாண்டா, செயின்ட் லூயிஸ், நியூயார்க் என நான்கு ஊர்களில் ஆடிய அவர், 2,342 ஹிட்டுகளும் (பந்தை அடித்து, ஓடி எட்ட வேண்டிய முனையான பேஸைப் பாதுகாப்பாக அடைவது) வேலியைத் தாண்டி அடிக்கும் 252 ஹோம் ரன்களும் எடுத்து, .297 என்ற பேட்டிங் சராசரியுடன், அதாவது ஆயிரம் முயற்சிக்கு 297 ஹிட்டுகள் என்ற கணக்கில், ஓய்வு பெற்றார். ஒன்பது முறை ஆல் ஸ்டார் அணிக்குத் தேர்வானார். 1971இல், அங்குள்ள இரண்டு பெரிய லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே கிடைத்தது. ஆட்டக்காரராக அவர் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் மேனேஜரான பின் நிலைமை தலைகீழானது. நியூயார்க் மெட்ஸ், அட்லாண்டா பிரேவ்ஸ், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் ஆகிய மூன்று அணிகளை நடத்தி, மூன்றிலிருந்தும் நீக்கப்பட்டார். மூன்றையும் கூட்டிப் பார்த்தால் 894 வெற்றிகளும் 1,003 தோல்விகளும் வருகின்றன. 1995 நவம்பரில் நியூயார்க் யாங்கீஸ் அணி அவரை நியமித்தபோது, நியூயார்க் நாளிதழ் ஒன்று ‘ஒன்றும் புரியாத ஜோ’ என்ற பொருளில் தலைப்புப் போட்டு வரவேற்றது. அப்போது அவருக்கு வயது 55. அடுத்த 12 ஆண்டுகளில் அதே மனிதர் 1,173 ஆட்டங்களை வென்று 767 ஆட்டங்களில் மட்டுமே தோற்றார். ஓர் ஆண்டுகூடத் தவறாமல் அணியை, பருவ முடிவில் சிறந்த அணிகள் மோதும் பிளே ஆஃப் சுற்றுக்குக் கொண்டு சென்றார். சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரை ஆறு முறை எட்டி, 1996, 1998, 1999, 2000 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்றார்.

ஐம்பத்தைந்து வயதில் ஒருவருக்குத் திடீரெனப் புது அறிவு முளைத்துவிடுமா? அல்லது நல்ல அணி கையில் கிடைத்தால் யார் வேண்டுமானாலும் வெல்லலாம் என்பதுதான் இதற்கு விடையா? அவர் ஆட்டக்காரராகக் கழித்த 18 பருவங்கள் பிற்காலத்தில் அவருக்கு எந்த வகையிலாவது பயன்பட்டனவா என்பதையும் அறிய விரும்புகிறேன். இந்த ஆட்டத்தைத் தாமதமாகப் பின்தொடரத் தொடங்கியவன் நான். அதை மனத்தில் வைத்து விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1

நண்பரே, மேனேஜர் என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அங்கேதான் பலருக்கும் குழப்பம் வருகிறது. பேஸ்பாலில் மேனேஜர் என்பவர் அலுவலகத்தில் அமர்ந்து ஒப்பந்தம் போடுபவர் அல்லர். அந்த வேலைக்கு ஜெனரல் மேனேஜர் என்று வேறொருவர் இருக்கிறார். மேனேஜர் ஆட்டக்காரர்களைப் போலவே சீருடை அணிந்து, மைதான ஓரத்தில் அணியினர் அமரும் டக் அவுட்டில் நிற்பார். யார் எந்த வரிசையில் பேட் செய்ய வேண்டும், பந்து வீசிக் களைத்துப் போன பிட்சரை எப்போது எடுக்க வேண்டும், அவருக்குப் பதிலாக யாரை அனுப்ப வேண்டும் என்பனவெல்லாம் அவருடைய முடிவுகள். ஒருமுறை வெளியே எடுக்கப்பட்ட ஆட்டக்காரர் அந்த ஆட்டத்துக்குள் மீண்டும் வர முடியாது என்பது விதி. ஆகவே ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தில், ஏழாவது இன்னிங்ஸில் அவசரப்பட்டு எடுத்த முடிவை ஒன்பதாவதில் திருத்திக்கொள்ள இயலாது. ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் என்பதால், இத்தகைய திரும்பப் பெற முடியாத முடிவுகளை ஆறு மாதம் ஏறத்தாழ நாள்தோறும் எடுத்தாக வேண்டும்.

இனி டோரிக்கு வருவோம். 1940இல் புரூக்லினில், ஐந்து குழந்தைகளில் கடைசியாகப் பிறந்தவர். அண்ணன் ஃபிராங்க், 1957இல் உலகத் தொடரை வென்ற மில்வாக்கி பிரேவ்ஸ் அணியில் ஃபர்ஸ்ட் பேஸில் ஆடியவர். தம்பி பருமனாக இருந்ததால், பேட் செய்பவரின் பின்னால் உட்கார்ந்து பந்தை வாங்கும் கேட்சராக மாறினால்தான் தொழில்முறை ஆட்டத்தில் இடம் கிடைக்கும் என்று வற்புறுத்தியவரும் அவரே. அந்த ஒரு யோசனைதான் ஜோவின் எதிர்காலத்தை முடிவு செய்தது என்று நான் கருதுகிறேன். களத்தில் மற்ற எட்டுப் பேரும் ஒரு பக்கமாகப் பார்த்து நிற்க, கேட்சர் மட்டும் அவர்களை எதிர்நோக்கி உட்கார்ந்திருப்பார். முழுக் களமும் அவர் கண்முன் விரிந்திருக்கும். அடுத்து எந்த வகைப் பந்தை வீச வேண்டும் என்று விரல்களால் சைகை காட்டுவதும், பிட்சரின் கை தளர்கிறதா, மனம் தளர்கிறதா என்று முதலில் உணர்வதும் அவர்தான். 1961 ஆகஸ்டில் பிட்சர் வாரன் ஸ்பான் தம் 300ஆவது வெற்றியைப் பெற்றபோது எதிரே உட்கார்ந்து பந்து வாங்கியவர் 21 வயது டோரி. தன்னைவிட ஏறக்குறைய இருபது வயது மூத்த மேதையிடம் அடுத்து இதை வீசுங்கள் என்று சைகை காட்டும் பயிற்சி எந்த வகுப்பிலும் கிடைக்காது.

பேட்ஸ்மேனாகவும் அவர் சாதாரணமானவர் அல்லர். பிரேவ்ஸ் அணி அட்லாண்டாவுக்கு இடம்பெயர்ந்த 1966ஆம் ஆண்டில் 36 ஹோம் ரன்கள் அடித்தார். கேட்சருக்கு அது மிகப் பெரிய எண்ணிக்கை. 1968இல் முகத்தில் பந்து தாக்கிக் கன்ன எலும்பு முறிந்தது. அடுத்த ஆண்டு, சம்பளத் தகராறுக்குப் பின், ஆர்லாண்டோ செபேடாவுக்கு மாற்றாக செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு அனுப்பப்பட்டார். ஆட்டக்காரர் சங்கத்தில் அவர் முன்னின்று பேசியதும் பிரேவ்ஸ் நிர்வாகத்துக்குப் பிடிக்கவில்லை.

நீங்கள் குறிப்பிட்ட 1971ஐ நான் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க விரும்புகிறேன். உடல் எடையைக் குறைத்து, கேட்சர் இடத்தை விட்டுத் தேர்ட் பேஸுக்கு நிரந்தரமாக மாறிய அந்த ஆண்டில் அவர் 230 ஹிட்டுகளும் .363 சராசரியும் எடுத்தார். அவர் அடித்ததால் வந்து சேர்ந்த ரன்கள் 137. மறு ஆண்டு சராசரி .289ஆக இறங்கியது. மெட்ஸ் அணிக்கு வந்த 1975இல் அது .247. மனிதர் அவரேதான், உழைப்பும் அதேதான், கிடைத்தது மட்டும் வேறு. அதே 1975 ஜூலையில் ஹூஸ்டனுக்கு எதிரான ஓர் ஆட்டத்தில், அவருக்கு முன்னால் பேட் செய்த ஃபெலிக்ஸ் மில்லான் நான்கு முறையும் ஒற்றை ஹிட் அடித்து ஃபர்ஸ்ட் பேஸுக்குச் சென்றார். டோரியோ நான்கு முறையும் தரையோடு பந்தை அடித்து, ஒரே பந்தில் இருவரும் அவுட்டாகும் டபுள் பிளேயில் சிக்கினார். மில்லான் இல்லாவிட்டால் இந்தச் சாதனை எனக்குக் கிடைத்திருக்காது என்று ஆட்டம் முடிந்தபின் அவரே கேலியாகச் சொன்னார். இருபது ஆண்டுகளுக்குப் பின் யாங்கீஸில் யாராவது பத்து நாள் ஹிட் இல்லாமல் தவித்தபோது டோரி கத்தாமல் இருந்ததற்கு, .363ஐயும் .247ஐயும் ஒரே உடம்பில் அனுபவித்திருந்ததே காரணம் என்பது என் எண்ணம்.

பெரிய மேனேஜர்களில் பலர் ஆட்டக்காரர்களாகச் சோபிக்காதவர்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். டோனி லா ரூசாவின் வாழ்நாள் சராசரி .199. டாமி லசோர்டா பிட்சராக ஒரு வெற்றிகூடப் பெறவில்லை. ஸ்பார்க்கி ஆண்டர்சன் மேஜர் லீகில் ஆடியது ஒரே ஒரு பருவம். எர்ல் வீவர் அதுவும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தவன்தான் ஆட்டத்தைப் படிக்கிறான் என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். மறுபுறம் டெட் வில்லியம்ஸ் போன்ற மாமேதை 1969 முதல் நான்கு ஆண்டுகள் மேனேஜராக இருந்தும் நிலைக்கவில்லை. தமக்கு எளிதாக வந்தது பிறருக்கு ஏன் வரவில்லை என்று மேதைகளுக்குப் புரிவது கடினம். 2,000 ஹிட்டுகளுக்கு மேல் அடித்து, மேனேஜராக 2,000 ஆட்டங்களுக்கு மேல் வென்றவர் டோரி ஒருவரே. உச்சத்தையும் சறுக்கலையும் ஒருசேரப் பார்த்த மேதை என்பதால் அவர் இந்தப் பொறியிலிருந்து தப்பினார்.

தோற்ற மூன்று அணிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1977 மே 31 அன்று மெட்ஸ் அவரை ஆடும் மேனேஜராக நியமித்தது; 18 நாள்களில் ஆடுவதை நிறுத்திக்கொண்டார். அதற்குள்ளாகவே, அணியின் உயிராக இருந்த பிட்சர் டாம் சீவரை நிர்வாகம் வேறு அணிக்கு அனுப்பிவிட்டது. அப்படிப்பட்ட வீட்டில் யார் குடித்தனம் நடத்தினாலும் இதே கதைதான். அட்லாண்டாவில் 1982இல் முதல் 13 ஆட்டங்களையும் தொடர்ந்து வென்று டிவிஷன் பட்டத்தையும் பெற்றார். அதை ஏன் யாரும் நினைவில் வைப்பதில்லை என்று எனக்குப் புரியவில்லை. 1984 முடிந்ததும் நீக்கப்பட்டார். பிறகு ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ் ஆட்டங்களுக்குத் தொலைக்காட்சி வர்ணனையாளராக இருந்தார். 1990இல் கார்டினல்ஸ் அழைத்தது. 1995 ஜூனில் அதுவும் முடிந்தது.

பதில் 2

முதல் பதிலை ரசித்துப் படித்தேன். ஆனால் அதில் அன்பு அதிகம், கணக்கு குறைவு என்று சொல்ல வேண்டியிருக்கிறது, வருத்தப்பட வேண்டாம்.

யாங்கீஸ் உரிமையாளர் ஜார்ஜ் ஸ்டைன்பிரென்னர் 1990 முதல் 1993 தொடக்கம் வரை அணி நிர்வாகத்திலிருந்து தடை செய்யப்பட்டிருந்தார். அந்த இடைவெளியில் ஜெனரல் மேனேஜராக இருந்த ஜீன் மைக்கேல், இளைஞர்களை அவசரப்பட்டு விற்றுவிடாமல் காப்பாற்றி வளர்த்தார். பெர்னி வில்லியம்ஸ், டெரெக் ஜீட்டர், மரியானோ ரிவேரா, ஆண்டி பெட்டிட், ஜார்ஜ் பொசாடா ஆகிய ஐவரும் அப்படி அந்த அமைப்புக்குள்ளேயே வளர்ந்தவர்கள். அடுத்து மேனேஜர் பக் ஷோவால்டர் 1995இல் அணியைப் பிளே ஆஃப் வரை கொண்டுவந்து, சியாட்டிலிடம் ஐந்தாவது ஆட்டத்தில் தோற்று வெளியேறினார். அதாவது டோரி வந்தபோது உலை கொதித்துக்கொண்டிருந்தது. அவர் அரிசி போட்டார், அவ்வளவுதான். இதற்கு மேல் மற்ற அணிகளால் நினைத்தும் பார்க்க முடியாத சம்பளப் பட்டியலும் பெரும்பாலான ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்தது.

உத்தி என்று பார்த்தால் அவரிடம் தெளிவான குறைகள் இருந்தன. நம்பிய மாற்று பிட்சர்களைச் சக்கையாகப் பிழிந்தெடுப்பார். 2004இல் பால் குவான்ட்ரில் 86 ஆட்டங்களில் வீசினார். 2006இல் ஸ்காட் பிராக்டர் 83 ஆட்டங்களில் நூறு இன்னிங்ஸுக்கு மேல் வீசினார். இருவரும் அதற்குப் பின் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஃபுளோரிடா அணிக்கு எதிரான 2003 உலகத் தொடரின் நான்காவது ஆட்டம் இன்னும் மோசமான எடுத்துக்காட்டு. தொடரில் 2–1 என்று முன்னிலை. ஆட்டம் சமநிலையில் கூடுதல் இன்னிங்ஸுக்குப் போகிறது. கடைசி இன்னிங்ஸில் வந்து ஆட்டத்தை முடித்துவைப்பதில் உலகின் சிறந்த பிட்சரான ரிவேரா, மாற்று பிட்சர்கள் காத்திருக்கும் புல்பென்னில் உட்கார்ந்திருக்கிறார். முன்னிலை கிடைத்தால்தான் அவரைக் கொண்டுவருவேன் என்று காத்திருந்த டோரி, அந்தப் பருவம் முழுக்கத் தடுமாறிய ஜெஃப் வீவரை அனுப்பினார். 12ஆவது இன்னிங்ஸில் அலெக்ஸ் கொன்சாலஸ் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்தார். ரிவேரா ஒரு பந்துகூட வீசவில்லை. அடுத்த இரண்டு ஆட்டங்களையும் ஃபுளோரிடா வென்று பட்டத்தையும் எடுத்துச் சென்றது. 2004இல் பாஸ்டனுக்கு எதிராக 3–0 என்று முன்னிலை பெற்றுப் பின் நான்கு ஆட்டங்களையும் தோற்றதை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஏழு ஆட்டத் தொடரில் பேஸ்பால் வரலாற்றில் அதற்கு முன் எந்த அணிக்கும் அது நேர்ந்ததில்லை.

ஆகவே மாறியது அணி. மனிதர் அல்லர் என்பது என் முடிவு.

பதில் 3

2003ஆம் ஆண்டு நான்காவது ஆட்டத்தைப் பற்றி முந்தைய பதிலில் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அணிதான் எல்லாம் என்றால், நல்ல அணி வைத்திருந்தும் ஸ்டைன்பிரென்னர் தம் முதல் 23 ஆண்டுகளில் சுமார் 20 முறை ஏன் மேனேஜரை மாற்ற வேண்டியிருந்தது? அந்த நாற்காலியில் 12 ஆண்டுகள் உட்கார்ந்திருந்ததே தனித் திறமை. அதைப் பார்க்க 1996 அக்டோபரின் ஆறு நாள்கள் போதும்.

எதிரணி அட்லாண்டா பிரேவ்ஸ். டோரி ஆடிய அணி, நடத்திய அணி, அவரை நீக்கிய அணி. அதன் மேனேஜர் பாபி காக்ஸ். 1982இல் காக்ஸின் இடத்துக்குத்தான் டோரி அங்கே வந்திருந்தார். அதுவரை ஆட்டக்காரராகவும் மேனேஜராகவும் 4,272 ஆட்டங்களைக் கடந்தும் டோரி உலகத் தொடரைத் தொட்டதில்லை. அவ்வளவு காலம் காத்திருந்தவர் வேறு எவரும் இல்லை. வந்த முதல் ஆட்டத்தில், சொந்த மைதானத்தில், 12–1 என்று தோல்வி.

இரண்டாவது ஆட்டத்துக்கு முன் உரிமையாளர் கொந்தளித்துக்கொண்டு அவருடைய அறைக்கு வந்தார். டோரியோ, இன்று கிரெக் மாடக்ஸ் வீசுவதால் இதையும் நாம் தோற்கலாம், ஆனால் அட்லாண்டா என் ஊர், அங்கே மூன்றையும் வென்று சனிக்கிழமை இங்கே முடித்துவிடுவோம் என்ற பொருளில் நிதானமாகப் பதில் சொல்லி அனுப்பினார். அன்று 4–0 என்று தோற்றார்கள். சொன்னது அப்படியே நடந்தது என்பதை ஜோசியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிறருடைய பதற்றத்தைத் தம் அறையிலேயே நிறுத்தி, ஆட்டக்காரர்களின் அறைக்குப் போகவிடாமல் அவர் தடுத்ததே நான் கவனிக்கும் விஷயம்.

மூன்றாவது ஆட்டம். பிட்சர் டேவிட் கோன், அந்த ஆண்டு மே மாதத்தில் தோளில் இரத்தக்குழாய் வீக்கத்துக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். யாங்கீஸ் 2–0 முன்னிலை, ஆறாவது இன்னிங்ஸ், மூன்று பேஸ்களிலும் எதிரணி ஆட்கள். டோரி டக் அவுட்டிலிருந்து மெதுவாக நடந்து, பிட்சர் நின்று வீசும் மேட்டுக்குப் போனார். கோனின் முகத்துக்கு நேரே நின்று, இது மிக முக்கியமான கட்டம், நீ எப்படியிருக்கிறாய், உண்மையைச் சொல் என்று கேட்டார். முடியும் என்றார் கோன். டோரி அவருடைய கண்களைப் பார்த்துவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தார். கோன் ஒருவரை உயரமாக அடிக்கவைத்து அவுட்டாக்கினார், அடுத்தவரை நான்கு தவறான பந்துகளால் நடக்கவிட்டு ஒரு ரன் கொடுத்தார், அடுத்தவரையும் உயரமாக அடிக்கவைத்து இன்னிங்ஸை முடித்தார். ஆட்டம் 5–2 என்று யாங்கீஸுக்கு. பந்து வாங்கிய காலத்தில் ஸ்பான், பாப் கிப்சன் போன்றவர்களின் கண்களைப் பார்த்துப் பழகியவர் எடுத்த முடிவு அது. முதல் பதிலில் கேட்சர் பற்றிச் சொன்னதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

நான்காவது ஆட்டத்தில் 6–0 என்று பின்தங்கியிருந்து, எட்டாவது இன்னிங்ஸில் ஜிம் லெய்ரிட்ஸ் அடித்த மூன்று ரன் ஹோம் ரன்னால் சமன் செய்து, பத்தாவதில் 8–6 என்று வென்றார்கள். ஐந்தாவதில் டோரி எடுத்த துணிச்சலை இன்றும் வியக்கிறேன். நட்சத்திரங்களான வேட் பாக்ஸையும் டினோ மார்ட்டினெஸையும் உட்காரவைத்துவிட்டு சார்லி ஹேஸையும் செசில் ஃபீல்டரையும் ஆடவிட்டார். ஆட்டத்தின் ஒரே ரன் ஃபீல்டரின் அடியில் வந்தது. கால் வலியோடு இருந்த பால் ஓ’நீலையும் உட்காரவைக்க எண்ணியிருந்தார். பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் டான் ஜிம்மர் மறுத்துப் பேசியதால் மனத்தை மாற்றிக்கொண்டார். ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசிப் பந்து வலப்புற வேலிப் பக்கம் பறந்தது. நொண்டிக்கொண்டே ஓடி அதைப் பிடித்தவர் அதே ஓ’நீல். 1–0. தம் யோசனையை மறுத்தவர் சொல்லைக் கேட்பது, மூன்று முறை வேலையிழந்தவருக்கு எளிதாக வந்திருக்கலாம்.

உத்தி முறையில் பார்த்தாலும் அந்த ஆண்டு அவர் முன்னோடிதான். ரிவேராவை ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸ்களுக்கும் ஜான் வெட்டலண்டை ஒன்பதாவதுக்கும் என்று நிலையாக வகுத்து வைத்ததால், ஆறாவது இன்னிங்ஸில் முன்னிலை பெற்றாலே ஆட்டம் ஏறக்குறைய முடிந்த மாதிரி. ஆறாவது ஆட்டமும் அப்படித்தான் 3–2 என்று முடிந்தது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. மெதுவாக நடந்து மேட்டுக்குப் போகும் அந்த மனிதர் இப்போது எனக்குக் கண்ணில் தெரிகிறார். ஆயினும் ஒரு சந்தேகம் மிஞ்சுகிறது. இந்த நிதானம் மெட்ஸ் காலத்திலும் அவரிடம் இருந்ததா, அல்லது பிறகு வந்ததா? இவ்வளவு வென்றவர் 2007இல் ஏன் அப்படிக் கசப்போடு வெளியேறினார்?

பதில் 4

இதற்கான விடை மைதானத்துக்கு வெளியே இருக்கிறது. டோரியே பொதுவெளியில் பேசியுள்ளதால் நானும் எழுதலாம் என்று நினைக்கிறேன். அவருடைய தந்தை நியூயார்க் காவல் துறையில் துப்பறிவாளர். வீட்டில் மனைவியை அடிப்பவர். கடைக்குட்டியான ஜோவை அவர் அடித்ததில்லை, ஆனால் அடிக்கும் வீட்டில் வளர்ந்த பயம் பிள்ளையின் உடம்பில் ஊறிவிட்டது. பள்ளியிலிருந்து திரும்பும்போது வாசலில் தந்தையின் கார் நிற்பதைக் கண்டால், வீட்டுக்குள் போகாமல் நண்பர்களின் வீட்டுக்குப் போய்விடுவான். கடைசியில் அண்ணன் ஃபிராங்க்தான் தந்தையை எதிர்த்து நின்று வீட்டை விட்டு வெளியேறச் சொன்னார். இளம் வயதில் டோரிக்குப் பேஸ்பால் மைதானம் ஒளிந்துகொள்ளும் இடமாகவும் இருந்தது.

பெரியவரான பின்னும் இதை அவர் யாரிடமும் பேசவில்லை. 1995 இறுதியில், அதாவது யாங்கீஸ் நியமித்து சில வாரங்களே ஆன நிலையில், கருவுற்றிருந்த மனைவி ஆலியோடு சுயமுன்னேற்ற வகுப்பு ஒன்றுக்குப் போனார். அங்கே, முன்பின் தெரியாதவர்கள் நடுவே, தாம் சிறுவயது முதல் சுமந்த பயமும் தாழ்வுணர்வும் எங்கிருந்து வந்தன என்று முதல்முறையாக வாய்விட்டுச் சொல்லி அழுதார். இரண்டாவது பதில் எழுதிய நண்பர் கணக்கு கேட்டார். மனிதரும் மாறினார் என்பதற்கு நான் காட்டும் கணக்கு இந்தத் தேதிதான். கத்துபவர்களுக்கு நடுவே கத்தாமல் நிற்பது அவருக்கு முன்பே இயல்பு. ஆனால் கத்துகிற உரிமையாளரைக் கண்டு உள்ளுக்குள் நடுங்காமல் இருப்பது அதன் பிறகே கைகூடியது என்று நினைக்கிறேன். 2002இல் ஆலியும் அவரும் சேர்ந்து ‘சேஃப் அட் ஹோம்’ அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். பள்ளிகளில் இத்தகைய குழந்தைகள் வந்து பேசுவதற்கென்று ஓர் அறை ஒதுக்கி, அதற்குத் தம் தாயின் பெயரான மார்கரெட் என்பதையே வைத்தார்கள்.

1996ஆம் ஆண்டின் இன்னொரு பாதியை மூன்றாவது பதில் சொல்லாமல் விட்டுவிட்டது. அந்த ஜூனில் மூத்த அண்ணன் ராக்கோ திடீரென இறந்தார். ஃபிராங்க் மாற்று இதயத்துக்காக மருத்துவமனையில் காத்துக்கிடந்தார். ஐந்தாவது ஆட்டம் வியாழன் இரவு முடிந்தது. வெள்ளிக்கிழமை ஃபிராங்குக்கு இதயம் பொருத்தப்பட்டது. சனிக்கிழமை தம்பி உலகத் தொடரை வென்றார். 1999 மார்ச்சில் டோரிக்கே புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரியவந்தது. சிகிச்சை முடிந்து மே மாதத்தில் திரும்பும்வரை ஜிம்மர் அணியைப் பார்த்துக்கொண்டார். அதே ஆண்டு ஜூலை 18, டோரியின் 59ஆவது பிறந்தநாளில், மேலே மேட்டில் நின்று பேசிய அந்த டேவிட் கோன் ஒரு ஆளைக்கூட பேஸுக்கு அனுமதிக்காத முழுமையான ஆட்டத்தை வீசினார். தொடர்பில்லாத செய்திதான், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2007 பற்றி: 2000க்குப் பிறகு பட்டம் வரவில்லை. 2006 பிளே ஆஃபில் அலெக்ஸ் ரோட்ரிகஸை எட்டாவது இடத்தில் பேட் செய்ய வைத்தது போன்ற முடிவுகள், அவருடைய பழைய நிதானம் குலைந்துவிட்டது என்பதைக் காட்டின. நட்சத்திரத்தை மறைவாகத் தட்டிக்கொடுப்பவர் ஊரறியத் தலைகுனிய வைத்துவிட்டார். 2007இல் கிளீவ்லண்டிடம் தோற்றதும், நிர்வாகம் ஓராண்டு ஒப்பந்தமாக 50 லட்சம் டாலர் கொடுக்க முன்வந்தது. அதுவரை வாங்கியதைவிட அது குறைவு. பிளே ஆஃபில் ஒவ்வொரு சுற்றை எட்டினாலும் மேலும் பத்து லட்சம் என்றது. 12 ஆண்டுகளாகத் தவறாமல் பிளே ஆஃபுக்குப் போனவரிடம், ஊக்கத்தொகை இருந்தால்தான் உழைப்பீர் என்று சொல்வதாக அவருக்குப் பட்டது. நேரில் போய் மறுத்துவிட்டு வந்தார். எனக்கு அதில் தவறு தெரியவில்லை, ஆனால் நிர்வாகத்தின் பொறுமை தீர்ந்ததிலும் தவறு தெரியவில்லை. அடுத்த மூன்று ஆண்டுகள் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியை நடத்தி, 2008, 2009 இரண்டிலும் நேஷனல் லீக் இறுதிச் சுற்றுவரை கொண்டுபோனார். மொத்தம் 2,326 வெற்றிகளோடு 2010இல் முடித்துக்கொண்டார்.

ஆட்டக்காரராக மட்டும் பார்த்தபோது பேஸ்பால் எழுத்தாளர்கள் 15 ஆண்டுகள் வாக்களித்தும், பேஸ்பாலின் மிகச் சிறந்தவர்களைச் சேர்க்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் அவரை விடவில்லை. 1997இல் கடைசி முயற்சியில் கிடைத்தது 22.2 விழுக்காடு, தேவை 75. மேனேஜராக 2014இல் அவர் உள்ளே போனபோது, உடன் சேர்க்கப்பட்டவர்கள் டோனி லா ரூசாவும் பாபி காக்ஸும். ஹால் ஆஃப் ஃபேம் இருக்கும் கூப்பர்ஸ்டவுன் ஊரின் மேடையில் நீண்ட நேரம் பேசி, பலருக்கும் பெயர் சொல்லி நன்றி கூறி இறங்கிய பிறகுதான், ஸ்டைன்பிரென்னரின் பெயரைச் சொல்ல மறந்துவிட்டது அவருக்கு உறைத்தது. உடனே நிருபர்கள் முன் வந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.